இருபதுக்கும் குறைவு

லிகோமா தீவுக்குக் கப்பல் வாரம் ஒருமுறை.
எஸ்நார்ட் சிசூலாவின் ரத்தம் அதில்தான் போனது,
பனிக்கட்டிப் பெட்டியில்,
உசிப்பாக் கருவாட்டு மூட்டைகளுக்கு இடையில்.
கரையேறி, மலையேறி, முசூசு ஆய்வகத்தில்
ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது.
விடையும் உடனே புறப்பட்டது.
என் திரையில் மட்டும்
அவள் பெயருக்கு நேரே
வெறும் கட்டம்.

"இன்னும் வரவில்லை" என்றேன்.
மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.
மறுபடி வெறும் கட்டம்.
மூன்றாம் முறை அவள் கையை நீட்டவில்லை.
குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்:
"கெட்ட செய்தியென்றால்
இப்படித்தான் ஒளித்துவைப்பீர்களா?"

நான் பதிவு எழுத்தன்.
கட்டங்களை நிரப்பத்தான் சம்பளம்.
காலியான கட்டம் என்ன பேசும் என்று
எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை.

அன்றிரவு, ஜெனரேட்டர் நிற்குமுன்,
திறந்த மென்பொருள்தானே என்று திறந்து பார்த்தேன்.
ஆய்வகம் செங்குத்துக் கோடுகளால் பேசுகிறது,
மீன் பரணில் மூங்கில் வைத்த மாதிரி:
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே
பெயர், பிறந்த நாள், சோதனை, அளவு, அலகு.
அளவு என்ற இடத்தில்
எங்கள் நிரல் எண்ணை எதிர்பார்த்து நின்றது.
வந்ததோ
< 20

ஒரு சின்னக் குறி.
பெரியதைப் பார்த்துத்தான் வாய் பிளக்கும் என்று
ஆறாம் வகுப்பில் படித்த அதே குறி.
"இது எண்ணல்ல" என்று தள்ளிவிட்டது நிரல்.
பொய் சொல்லவில்லை.
எண்ணல்லதான்.
கருவியின் கண்ணுக்கு எட்டாத அளவுக்குக்
கிருமி ஒடுங்கிவிட்டது என்பதை
வேறெப்படி எழுதுவது?
பதின்மூன்று மாதம்
குமட்டலோடு விழுங்கிய மாத்திரைகள் அத்தனையும்
அந்த இரண்டு கோட்டுக்குள் இருந்தன.

குப்பைக் கோப்பில் ஐம்பத்தெட்டு செய்திகள்.
ஒவ்வொன்றிலும் அதே குறி.
நாற்பதாயிரம், ஒன்பதாயிரத்து இருநூறு என்று
நோய் ஏறியவர்களின் எண்கள்
பிசகாமல் வந்து சேர்ந்திருந்தன.
தேறியவர்கள்தான்
வழியில் விழுந்துகிடந்தார்கள்.

"குறியை அழித்துவிட்டு இருபது என்று போடேன்"
என்றார் மேலாளர்.
"பூஜ்யம் போட்டால் இன்னும் சந்தோஷப்படுவார்கள்"
என்றார் இன்னொருவர்.
சந்தோஷப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

தார்த்து நகரத்திலிருந்து மாரிட் எழுதினாள்.
முகம் பார்த்ததில்லை. ஏரியின் பெயரைக்கூட
என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.
"தரநிலையில் இதற்கு இடம் இருக்கிறது:
குறிக்கு ஒரு கட்டம், எண்ணுக்கு ஒன்று, அலகுக்கு ஒன்று.
எந்த ஊரிலோ ஒரு குழு
ஆறிப்போன காபியோடு உட்கார்ந்து
இந்தக் குறிக்காக வாதாடியிருக்க வேண்டும்.
நாம்தான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டிவிட்டோம்."
நாம் என்றாள்.
பிழை எங்களுடையது. இருந்தும்
நாம் என்றாள்.

பதினொரு வரி.
கருவி மாறாமல், கப்பல் மாறாமல்,
பதினொரு வரி மாறியதும்
கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின.

எஸ்நார்ட் வந்தாள். காட்டினேன்.
"இருபதுக்கும் குறைவென்றால் எத்தனை?"
"தெரியாது."
"டாக்டருக்கு?"
"அவருக்கும் தெரியாது. இயந்திரத்துக்கும்."
"யாருக்குமே தெரியாததைச் சொல்லவா
மூன்று முறை ஊசியோடு வந்தீர்கள்?"
இரண்டு முறைதான், மூன்றாவதை நீ தரவில்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் சிரித்துவிட்டாள்,
குழந்தை திடுக்கிட்டு அழும் அளவுக்கு.

மீதி ஐம்பத்தேழு பேர்.
நாற்பத்தாறு பேருக்குச் சொல்லியாயிற்று.
ஒன்பது பேர் அக்கரையில்,
அடுத்த கப்பலில் கடிதம் போகும்.
ஒருவர் தொலைபேசியை எடுக்கவில்லை.
இன்னொருவர்,
விடை வராததையே விடையாக எடுத்துக்கொண்டு
மருந்தை விட்டவர்,
நாளைக் காலை
மறுபடி ரத்தம் கொடுக்க வருகிறார்.