மூன்றாம் தொட்டி

பட்டணத்துக்குள் நுழையும் வளைவில்
கோழிக்கடை திறந்து பதினாறு மாதம்.
முதல் நாள் கார் வரிசை
மாரியம்மன் கோயிலையும் தாண்டி
எண்ணெய் நிலையம் வரை நின்றது.
தீமிதிக்குக்கூட இவ்வளவு கூட்டமில்லை என்று
கோயில் தலைவரே சொன்னார்,
வரிசையில் நின்றபடி.

எனக்கு இரவு ஷிப்ட்.
காதில் கருவி. தலைக்கு மேல் கடிகாரம்.
நூற்றெண்பது நொடிக்குள் கொடுத்தால் பச்சை,
தாண்டினால் சிவப்பு.

முகத்துக்கு முன்னால் குரல் வந்துவிடும் எனக்கு.
சத்துணவுப் பாடம் நடத்தும் கனகமணி டீச்சர்
வாரம் இரண்டு முறை, இரட்டைச் சீஸ்.
விளக்கை அணைத்துவிட்டுக்
காரிலேயே தின்று முடித்து
பெட்டியை எங்கள் குப்பையிலேயே போட்டுவிட்டுப் போவார்.
நான் பார்க்காதவள்.
சம்பள நாளில் லொம்போக்கிலிருந்து வந்த
செம்பனை வெட்டும் ஆட்கள்,
ஒரு மோட்டாரில் மூன்று பேர்,
ஒரு வாளிக் கோழி, ஆறு சில்லி சாஸ்.

வியாழன் பதினொன்றரைக்கு
லோரி குணாளன் அண்ணன்.
குலை ஏற்றிய லோரி
எங்கள் உயரக் கம்பியில் இடிக்கும்;
சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்து வருவார்.
நடந்து வருகிறவனை
எங்கள் தரைக்குத் தெரியாது.
சிமெண்டுக்கு அடியில் புதைத்திருக்கும் சுருள்
இரும்பு வந்தால்தான் மணி அடிக்கும்.
எண்பது கிலோ மனுஷன்
குதித்தாலும் அடிக்காது.
குலை குத்தி ஏற்றும் கம்பியைத்
தரையோடு தரையாக இழுப்பார் அண்ணன்.
டிங்.
"தங்கச்சி, தொடை ரெண்டு, காரமா.
நெஞ்சுக்கறி போட்டே,
லோரியத் திருப்பிக்கிட்டு வந்துருவேன்."

நேற்று செவ்வாய்.
டிங்.
திரையில் கார் இல்லை.
"அண்ணே, இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரியுமா?"
சிரித்தேன்.
சிரிப்பு போய்ச் சேர்ந்த இடத்தில்
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு, உடைந்துகொண்டிருக்கும் வயதுக் குரல்:
"உருளைக்கிழங்கு, பெருசு, பன்னெண்டு.
அக்கா...
அது கோழி பொரிச்ச எண்ணெயா?"

கேமராவைப் பார்த்தேன்.
குளித்த தலை காயாத பையன்.
கையில் அந்தக் கம்பி.

அன்றைக்கு அந்த வீட்டில்
அடுப்பு மூட்டமாட்டார்கள்.
பக்கத்து வீட்டுச் சோறு வரவேண்டும்.
தாமானில் ஒரு பக்கத்து வீடு
சிங்கப்பூரில் வேலை செய்கிறது,
மறுபக்கத்து வீடு
என்னைப்போல இரவில் எங்கோ நிற்கிறது.

கிழங்குக்குத் தனி எண்ணெய் என்று
சுவரில் எழுதியிருக்கிறது.
பத்து மணிக்கு மேல்
எல்லாம் ஒரே தொட்டியில்தான்;
அது சுவருக்குத் தெரியாது.
"இல்லப்பா, தனி எண்ணெய்"
நாக்கு நுனிவரை வந்தது.

"பத்து நிமிஷம் நில்லு" என்றேன்.

மூடிக் கிடந்த மூன்றாம் தொட்டியைக்
கழுவி, துடைத்து, ஈரம் போக ஒற்றி,
புது டின்னின் வாயைக் கிழித்தேன்.
செம்பனை எண்ணெய்.
எந்த லோரி எந்த மில்லில் கொட்டிய
எந்தக் குலையோ.

கடிகாரம் சிவந்தது.
பின்னால் ஒரு வீரா ஹாரனை விடவே இல்லை.
மேனேஜர் ஷாருல் கத்திக்கொண்டு வந்தான்.
மலாயில் இரண்டே வார்த்தை சொன்னேன்.
"தக்சியா" என்று முனகினான்.
டின்னின் மறுபக்கத்தைப் பிடித்துச் சாய்த்தான்.

காசு வாங்கித்தான் கொடுத்தோம்.
கம்பெனிக் கணக்கு, வேறு வழியில்லை.
பையன் ஈரச் சட்டைப் பையிலிருந்து
ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து வைத்தான்.
உப்புப் பொட்டலம் மட்டும்
கைநிறைய அள்ளிப் போட்டேன்.

பையை நீட்டும்போது
"நன்றி, மீண்டும் வருக" சொல்லவேண்டும்.
காதுக் கருவியில் பதிவாகும்.
விட்டுப்போனால்
சம்பளத்தில் மூன்று வெள்ளி.

நான் வாயை மூடிக்கொண்டேன்.
அவனும் வரேன் என்று சொல்லாமல் திரும்பினான்,
கம்பியைத் தரையில் படாமல்
தூக்கிப் பிடித்தபடி.

மூன்று வெள்ளி.