கேட் மூடியிருந்த நாற்பத்தோரு நிமிடம்

ராத்திரி போகவேண்டிய வண்டி பகலில் வந்தது.
ஸ்டேஷனிலிருந்து போன்:
"டில்லியம்மா, கேட்டைப் போடு. மிலிட்டரி."
நம்பர் வாங்கி நம்பர் கொடுத்து
கைப்பிடியைச் சுற்றினேன்.
கொருக்குப்பேட்டை இரண்டாகப் பிரிந்து நின்றது.

முதலில் ஆள் பெட்டிகள்.
ஜன்னல் கம்பியில் ஈரத்துண்டு, காலுறை,
ஒரு கை, கையில் பாதி கடித்த கொய்யா.
அப்புறம் தட்டை வேகன்கள்.
சங்கிலி போட்டு, கட்டை முட்டுக் கொடுத்து,
ஒவ்வொன்றின் மேலும் தார்ப்பாய் போர்த்திய ஒரு மலை.
குழல் மட்டும் துணிக்கு அடங்காமல்
தண்டையார்ப்பேட்டைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

படை என்றால் எனக்கு
மின்சார ரயிலில் விற்கிற களிம்பு.
சொறி, சிரங்கு, படை. டப்பா இருபது ரூபாய்.

சிக்னல் விழவில்லை. நின்றுவிட்டது.
என் கேபினுக்கு நேராக அதன் அடுப்படி.
வெங்காய மூட்டைமேல் பனியனோடு ஒருத்தன்:
"அக்கா, கறிவேப்பிலை கிடைக்குமா?"
அரூர் பக்கமாம். பேர் குப்புராஜ்.
கேபினுக்குப் பின்னால் நான் வைத்த செடி,
நாலு கொத்து ஒடித்துக் கொடுத்தேன்.

"இத்தனை பேருமா சண்டை போடுவீங்க?"
"துப்பாக்கி சுடுறவன் கொஞ்சம் பேர்தான் அக்கா.
ரொட்டி சுடுறவன் வேணும்,
ஒயர் இழுக்கிறவன், பாலம் போடுறவன்,
டாங்கி நின்னுபோச்சுன்னா அடியில படுக்கிறவன்,
ஊசி போடுறவன், கடிதாசி பிரிக்கிறவன்."

வெங்காயத்தை வாசல் பலகையில் வரிசை வைத்தான்.
பத்து.
"இது ஒரு செக்‌ஷன். பத்துப் பேர்.
ஒருத்தன் குறட்டை இன்னொருத்தனுக்குத் தெரியும்.
இதுமாதிரி மூணு, பிளட்டூன்.
அது மூணு சேர்ந்தா கம்பெனி."

கம்பெனி.
எங்க வீட்டுக்காரருக்கு மணலியில் ஒன்று இருந்தது.
மூடி ஏழு வருஷம்.

"நாலு கம்பெனி ஒரு பட்டாளம்."

பட்டாளம் எனக்கு பஸ் ஸ்டாப்.
மழை வந்தால் முழங்கால் தண்ணீர்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும்.

"மூணு பட்டாளம் ஒரு பிரிகேட்.
அந்த மாதிரி மூணு, நாலு, கூட பீரங்கிக்காரன் எல்லாம்,
அது டிவிஷன்."

எங்க டிவிஷனில் நாலு நாளாகக் குப்பை அள்ளவில்லை என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
"அதுக்கு மேல கோர். அதுக்கும் மேல கமாண்ட்."
"அதுக்கும் மேல?"
பலகையில் வெங்காயம் வைக்க இடமில்லை.
"தெரியாது அக்கா.
என் உப்பு அவ்வளவு தூரம் போறதில்லை."

அதற்குள் கேட்டில் ஹாரன்.
திரும்பிப் பார்த்தேன்.
முன்வரிசையில் டூவீலர், சக்கரம் தடிக்குக் கீழே,
அதன் முதுகில் ஷேர் ஆட்டோ,
ஐஸ் ஒழுக ஒழுக மீன் வண்டி,
கடைசியில் துறைமுகத்து டிரெய்லர்,
கண்டெய்னர் கனத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு.
வேகன்களின் சந்து வழியே அந்தப் பக்கமும்
அதே அணி, எங்களைப் பார்த்து.
உத்தரவு போட ஆளில்லை.
யார் எங்கே நிற்பது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சிக்னல் விழுந்தது.
"ஒரு செக்‌ஷனை நீங்க வச்சுக்கோங்க" என்று
பத்து வெங்காயத்தையும் என் முந்தானையில் கொட்டினான்.
நன்றி சொல்லும்முன் அடுப்படி நகர்ந்துவிட்டது.
சிவப்புச் சிலுவைப் பெட்டி,
தண்ணீர் டாங்க், ஒயர் உருளைகள்,
கடைசியாகக் கொடி காட்டும் கார்டு.

கேட்டைத் தூக்கினேன்.
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாய்ந்தன.
கெட்ட வார்த்தை, கண்ணாடி உரசல்,
ஒரு மீன் கூடை சரிந்து நிமிர்ந்தது.
ஆறு நிமிடத்தில்
அவர்கள் இங்கே, இவர்கள் அங்கே.

ரிஜிஸ்டரில் எழுதினேன்: 12.40. 1.21.
குறிப்பு என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.

முந்தானையை அவிழ்த்து மேஜைமேல் வைத்து எண்ணினேன்.
ஒன்பது.
மறுபடி எண்ணினேன்.
அடுத்த வண்டிக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது.
ஜல்லிக்கல்மேல் குனிந்து
ஸ்லீப்பர் ஸ்லீப்பராகப் பார்த்துக்கொண்டு போனேன்.