பத்துக்கு எட்டு

கருத்தரங்குக்கு இன்னும் மூன்று நாள்.
வியாசர்பாடி ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில்
பழைய கண்ணீர் அஞ்சலிகளைக் கிளறுகிறார் தில்லிபாபு.
ஏழாவது ஸ்லைடுக்குத் தெளிவான படம் வேண்டும்.

"கோட்டு நான் போட்டுவுட்டதும்மா.
ஜென்மத்துல அந்தப் புள்ள கோட்டு போட்டதில்ல."
குறித்துக்கொள்கிறேன்:
தகவலாளி, ஆண், வயது நாற்பத்தெட்டு,
பெயர் தவிர்க்கப்பட்டது.

பதினைந்து நிமிடம்தான் தருவார்கள்.
காலையில் பேசின் பிரிட்ஜ் தாண்டாமல் நின்ற ரயிலில்
வாய்க்குள் வாசித்தேன், பதினெட்டு ஆனது.
'விளிம்புநிலைக் காட்சிமொழி' வரும்போதெல்லாம்
நாக்கு இடறுகிறது.
காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த அக்கா
"பரீட்சையா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.

இதோ, திறந்துவிட்டது கோப்பு.
நீலக் கோட்டில் சிரிக்கிறான் தேசிங்கு.
காலடியில் இருபத்திரண்டு நண்பர்கள்,
எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி.
மூலையில் பொடி எழுத்தில் தங்கை ஏகவல்லி.
வல்லிக்கு ஒற்றை ல.
பெரிதாக்கப் பெரிதாக்க
கட்டம் கட்டமாய் உடைகிறது முகம்.

பென்டிரைவைப் பிடுங்கித் தந்தபடி கேட்கிறார்:
"உங்க மீட்டிங்குக்கு யாரு பேனர் அடிக்கிறா?
ஒரு போட்டோ குடு, பத்துக்கு எட்டு போட்டுடலாம்.
மெழுகுவத்திய எடுத்துட்டா
ரெண்டும் ஒரே டிசைன்தான்."