வரம்பு

சம்மாந்துறையில் கலியாணச் சாப்பாடு.
வேறு இடமில்லையென்று
மஹ்றூபின் சஹனிலேயே
என்னை இருத்திவிட்டார்கள்.

பதினொரு வருசமாய்ப் பேச்சில்லை.
என் வரம்பில் ஒரு முழம் வெட்டி எடுத்தவன்.
கேட்டால் அரை முழம் என்பான்;
நான் கேட்டதில்லை.
இப்போது எனக்கு அறுபத்திரண்டு,
பிரஷருக்கு இரண்டு குளிசை.
பேரப்பிள்ளைகளின் சண்டையெல்லாம்
என்னிடம்தான் தீர்ப்புக்கு வரும்.

அவன் அந்தப் பக்கம் அள்ளினான்,
நான் இந்தப் பக்கம்.
மற்ற நான்கு பேரும்
நெல் விலையை ஏசிக்கொண்டு தின்றார்கள்.
நடுவில் சோறு
மெல்ல மெல்ல ஒரு வரம்பாய் எழுந்து நின்றது.
இரண்டு பேரும் அதில் கைவைக்கவில்லை.

பிறகு அதன் மேலால்
நெஞ்செலும்போடு ஓர் இறைச்சித் துண்டு
என் பக்கம் வந்தது.
தள்ளிய விரலைப் பார்த்தேன்,
முகத்தைப் பார்க்கவில்லை.
நகம் கறுத்துச் செத்திருந்தது.
வெட்டு மெசினில் மாட்டியிருப்பான்.
எப்போது என்று தெரியாது.

தின்றேன்.
"உப்புக் கொஞ்சம் குறைவு" என்றேன்,
சோற்றிடம்.
"ம்" என்றது சோறு.

வீட்டுக்கு வந்து
செருப்பைக் கழற்றவும் முதல்
றசீனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்:
"அவன்தான் முதல்ல தள்ளினான்!"