பத்திரம்

தடா தாண்டி, மூன்றாம் நம்பர் கேட்.
பலகையில் தெலுங்கு பெரிதாக, இங்கிலீஷ் சிறிதாக.
தமிழ் ஆரம்பாக்கம் பஸ்ஸில் வந்து இறங்கி
டிபன் பாக்ஸோடு உள்ளே போகும்.

என் முதுகில் அந்த வார்த்தையை
மஞ்சள் எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.
துவைத்துத் துவைத்துக் கடைசி எழுத்து உரிந்துவிட்டது.
நான் அதைப் பார்ப்பது
சட்டை கொடியில் காயும்போது மட்டும்.

லாரிக்காரன் கூப்பிடுகிறான், செக்யூரிட்டி!
ஹெச்.ஆர். மேடம் கூப்பிடுகிறாள், செக்யூரிட்டி!
தேசம்மாள் என்று சொல்ல
ஒரு ரேஷன் கார்டுதான் இருக்கிறது.

யூனிஃபாரத்துக்கும் பூட்ஸுக்கும்
முதல் சம்பளத்தில் பிடித்தது இரண்டாயிரத்து நானூறு.
எதுக்கு சார்?
செக்யூரிட்டிம்மா, வேலையை விடும்போது திரும்ப வரும்.
செக்யூரிட்டியிடம் செக்யூரிட்டி வாங்கித்தான்
செக்யூரிட்டி ஆக்குகிறார்கள்.
சிரிக்கலாம். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை,
கேஸ் தீர்ந்திருந்தது.

ஐப்பசிக்குள் கூரை மாற்றணும்.
பாங்கில் கேட்டார், "செக்யூரிட்டி என்ன இருக்கு?"
"நான்தான் சார்."
கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.
மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்,
"பத்திரம்மா. பத்திரம்."

இருக்கிறது பத்திரம்.
கோதண்டன் பங்குக்கு வந்த முப்பத்தெட்டு சென்ட்,
ஏரி ஓரம், உப்புப் பூத்த மண்,
கோட்டுக்கு அந்தப் பக்கம். நாலு தாளும் தெலுங்கு.
அந்தப் பக்கத்து மண்ணுக்கு இந்தப் பக்கத்து பாங்க் தராது.
இந்தப் பக்கத்து ஆளுக்கு
அந்தப் பக்கத்து பாங்க் திங்கட்கிழமை வரச் சொல்லும்.

நைட் ஷிஃப்டில் சுப்பராயுடு படித்துக் காட்டினான்,
டார்ச் வெளிச்சத்தில், கிழக்கே ஓடை,
மேற்கே இன்னார் உப்பளம் என்று.
மடித்துக் கையில் கொடுத்து "பத்ரம்" என்றான்,
அடிவயிற்றிலிருந்து எழும்பிய ஒரு ப.
"பத்திரம்தான், எனக்குத் தெரியாதா?"
"அது காகிதம் அக்கா. நான் சொன்னது ஜாக்கிரதை."
அவர்களுக்கு அது வேறு எழுத்தாம், இது வேறு எழுத்தாம்.
"உங்களுக்கு ரெண்டும் ஒண்ணா? குழப்பம் வராது?"
வராது என்றேன்.
பஸ்ஸில் வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
காகிதம் இருக்கிறவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள்.
எழுத்து போதாமல் நேர்ந்தது
கணக்குப் பார்த்துச் செய்தது போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை, காலை ஆறு பத்து.
திரைக்குப் பின்னால் பெண்கள் வரிசை.
கையை விரி. திரும்பு. போ.
கையை விரி. திரும்பு.
மெஷின் இரும்புக்குத்தான் கத்தும்,
மற்றதற்கு என் விரல்.

பார்கவி. இரண்டாவது லைன். சேர்ந்து ஏழு மாதம்.
இடுப்பில், நாடாவுக்குள்,
நாலாக மடித்த ஒரு தடிமன்.
ஃபோன் இல்லை. போர்டு இல்லை. காகிதம்.
அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

சேரும்போது வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டுவார்கள்,
பத்தாவது மார்க் ஷீட், ஒரிஜினல்.
வருஷம் முடியாமல் யாரும் போய்விடக் கூடாதாம்.
அதற்கும் அதே வார்த்தைதான்.
எப்படி எடுத்தாள்? கேட்கவில்லை.
என் கை அங்கேயே இருந்தது,
இரண்டாயிரத்து நானூறு ரூபாய் நேரம்.

பிறகு துப்பட்டாவை இழுத்து அதன் மேல் விட்டு
"பத்திரம்" என்றேன்.

வெளியிலிருந்து சுப்பராயுடு,
"ஏமைந்தி அக்கா?"
"ஏமீ லேது."

எந்தப் பத்திரம் என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.
அடுத்தவள் ஏற்கெனவே
கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள்.