தெற்குப் பார்த்த பால்கனி

பெர்னிக் நகரில், ஏழாம் மாடியில்,
ஜனவரி மின்கட்டணச் சீட்டை
ஜிவ்கோ மூன்று முறை படித்தான்.
மறுநாள் சாக்கு எடுத்துக்கொண்டு போனான்.

நூற்று அறுபத்தெட்டு பியர் டப்பா.
ஒன்றுகூட அவன் குடித்ததல்ல;
விட்டு இரண்டு வருஷம், நாலு மாதம்.
ரயிலடிக் குப்பைத்தொட்டிகள்,
மிலெனின் மதுக்கடைப் பின்வாசல்.

அடியில் துளையிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டி,
குழல் குழலாய் நிறுத்தி,
அண்டங்காக்கைக் கறுப்பில் பெயின்ட் அடித்தான்.
மேலே பழைய ஜன்னல் கண்ணாடி.
காற்றை உள்ளே தள்ள, செத்துப்போன கணினியின் விசிறி.
கீழ்வீட்டு ஸ்தோயான்கா
பெயின்ட் நாற்றம் தாங்காமல் இருமுறை கதவைத் தட்டினாள்.

வெளியே மைனஸ் ஆறு. வெயில்.
துளை வழியே வந்த காற்று நாற்பத்தொரு டிகிரி.
பூனைதான் முதலில் போய்ப் படுத்தது.

பிறகு வாசம்.
காய்ந்த பியர், வெந்து, புளித்து,
ஹால் முழுக்க, திரைச்சீலையில், என் கம்பளிச் சட்டையில்.
கழுவியது போதவில்லை.
ஜிவ்கோ துளையருகே குனிந்து
வெப்பமானியைப் பார்ப்பதுபோல் நின்றான்.
வெப்பமானி என் கையில் இருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை.
ஜன்னலைத் திறந்தேன்.
சேமித்ததெல்லாம் மலைப் பக்கம் போயிற்று.

மார்ச் சீட்டில் பதினேழு லெவா குறைந்திருந்தது.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினான்.
வாசம் போய்விட்டது என்கிறான்.

மேகம் மூடிய நாட்களில்
விசிறியின் ஒயரை நானே பிடுங்கிவைக்கிறேன்,
குளிர்காற்று வரும் என்று சொல்லி.
வெயில் நாட்களில்
அவனருகே போய் நிற்கிறேன்.
எனக்கும் குளிராதா.