எத்தன பேரு வந்திருக்காவ

மசூது அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்வி:
"நம்ம சைட்டுக்கு எத்தன பேரு வந்திருக்காவ?"
அறுவை மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால்
இரண்டு தடவை கேட்டார்.

என்னிடம் மூன்று பதில் இருந்தது.

முதல் கருவி நானூற்றுப் பன்னிரண்டு என்றது.
இலவசம். வந்தவர் ஊர், வயது,
கையில் எந்தக் கம்பெனி போன்,
இதற்கு முன் எந்தக் கடையில் தலையை நீட்டினார் என்பதுவரை
கேட்காமலே சொன்னது.
இரண்டாவது நூற்று எண்பத்தேழு.
மாதம் எழுநூறு ரூபாய்.
யார் பெயரும் வேண்டாம், குக்கீ போடாது,
பின்னாலேயே போகாது.
மூன்றாவது சர்வரின் பதிவேடு,
இரண்டாயிரத்துச் சொச்சம் வரி.
பாதி ரோபோ. ராத்திரி மூன்று பத்துக்கு
ஒன்று தவறாமல் வந்து
எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது,
தேக்கா கோங்கா என்று பார்ப்பதில்லை.

"அப்ப எது சரி?"
புருவத்தில் மரத்தூளோடு நின்றார்.

புளியரையில் சொரிமுத்து லாரி எண்ணுகிறார்.
கணவாய்க்கு அந்தப்பக்கம் ஆரியங்காவில் சசிதரன்.
நடுவில் ஒரே ரோடு, அன்று ஒரே சாரல்.
செவ்வாய்க்கிழமை இங்கே முன்னூற்றுப் பதினாறு,
அங்கே இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.
பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன்.
காலி வண்டியையும் இவர் எழுதுவார், அவர் எழுதமாட்டார்.
எஸ் வளைவில் டயர் வெடித்து நாலு நின்றது.
பன்னிரண்டுக்கு முன்னால் இங்கே ஏறியது
அங்கே இறங்கும்போது புதன்கிழமை.
டீ குடிக்கத் திரும்பியவனை
இரண்டு தடவை எழுதியிருக்கிறார்.
மற்றபடி தன் நோட்டில் பிழையில்லை என்றார்.
சசிதரனும் அதையே மலையாளத்தில் சொல்லுவார்.

முதல் கருவியில்தான் அவளைப் பார்த்தேன்.
புனலூர். பெண். முப்பத்தைந்துக்கு மேல்.
தினமும் பத்து நாற்பதுக்கு வருகிறாள்,
பதினோரு நிமிடம், ஒரே பக்கம்:
கதவு எண் முப்பத்தெட்டு.
இடித்த வீட்டில் எடுத்த அயனிக் கதவு, தாழ்ப்பாள் இல்லை,
உள்பக்கம் ஆணியால் கீறிய பால் கணக்கு,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.
அவள் எங்கே போனாலும்,
சமையல் குறிப்பு, ரயில் டிக்கெட்,
ஓரத்தில் அந்தக் கதவு நிற்கும்
விலையோடு.

அமுக்கவில்லை.
பெருமைப்பட ஒன்றுமில்லை, கரண்ட் போய்விட்டது.

வந்தபிறகு
முதல் கருவியின் ஏழு வரியையும் அழித்தேன்.
எழுநூறு ரூபாயை
ரம்பம் தீட்டும் செலவுக்குக் கீழே எழுதினேன்.
"நூற்று எண்பத்தேழு அண்ணாச்சி."
"கொறஞ்சு போச்சே."
"ஆமா."

இப்போது கேரளம் அறுபத்திரண்டு என்கிறது.
அதற்குமேல் சொல்லாது.
பத்து நாற்பதுக்கு
நான் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைக்கிறேன்.

முப்பத்தெட்டு நேற்று திருவல்லாவுக்குப் போனது.
வாங்கியவர் சைட் பார்த்ததேயில்லை,
பார்டரில் பரோட்டா தின்ன வந்த ஆள்,
கை கழுவிக்கொண்டே விலை கேட்டார்.
வண்டியைப் புளியரையில் எழுதியிருப்பார்கள்.
காலி வண்டி இல்லை,
ஆரியங்காவிலும் எழுதியிருப்பார்கள்.

பக்கத்தை எடுக்கவில்லை,
படத்துக்குக் கீழே 'விற்றது' என்று மட்டும் போட்டேன்.

இன்று காலை அந்தப் பக்கத்துக்கு
வருகை: ஒன்று.

எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று
திறந்து பார்த்த
நானாகவும் இருக்கலாம்.